முகம் காட்டிய ஒற்றர் தலைவி

வுஸ்டர், இங்கிலாந்து,
14-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கு உங்கள் இருவரின் நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை நீங்களே பார்த்து எழுதுங்கள். அவளைக் கேட்டால் எல்லாம் போய்விட்டது என்றுதான் சொல்வாள்.

போன மாதம் செய்தித்தாளில் படித்த ஒரு மரணச் செய்தியைக் குறிப்பிட்டு, "உளவுத்துறைக்குத் தலைவியாக இருந்த ஒரு அம்மாளை அந்த ஊரே மெச்சுகிறதே, ஒற்றரை ஊரறியப் பாராட்டக் கூடாது என்றல்லவா வள்ளுவர் சொல்கிறார்?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, அங்கே அரசாங்கத்தில் லஞ்சத்துக்குக் கை நீட்டும் பழக்கம் கிடையாதாமே, உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டீர்கள். எனக்கோ இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே தெரிவதால், கடிதம் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் டேம் ஸ்டெல்லா ரிமிங்டன். ஆகஸ்ட் 3-ஆம் தேதி, 90-ஆவது வயதில் காலமானார். 1992 முதல் 1996 வரை, இங்குள்ள உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-இன் தலைமை இயக்குநராக இருந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. ஜேம்ஸ் பாண்டுக்கு மேலதிகாரியாக ஜூடி டென்ச் நடித்ததற்கு இவரே முன்மாதிரி என்ற செய்தியை ஒரு பத்திரிகை விடாமல் எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: அவர் உங்கள் ஜாதி, அப்பா. அதாவது, ரெக்கார்டு ரூம் ஜாதி.

எடின்பரோவில் ஆங்கிலமும் பிறகு லிவர்பூலில் ஆவணக் காப்பும் படித்துவிட்டு, 1959-இல் அவர் முதல் வேலைக்குச் சேர்ந்தது நான் இப்போது குடியிருக்கும் இதே ஊரில், இந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத்தில். (ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒன்பது எழுத்து வேண்டும், சொல்லும்போது "வுஸ்டர்" என்று இரண்டே அசையில் முடித்துவிடுவார்கள். வந்த புதிதில் ரயில் நிலையத்தில் நான் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னபோது, டிக்கெட் கொடுத்தவர் மிகப் பொறுமையாக ஒரு முறை சொல்லிக் காட்டினார்.) இன்று அந்தக் காப்பகம், தங்க நிறத் தகடுகள் போர்த்திய "தி ஹைவ்" என்ற பெரிய நூலகக் கட்டடத்துக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் போய் உட்காருவது அங்கேதான். இங்கிருந்து அவர் லண்டன் சென்று இந்தியா ஆபீஸ் நூலகத்தில் வேலை பார்த்தார். சென்னை மாகாணத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் பின்னால் வந்த கலெக்டர்களும் அனுப்பிவைத்த காகிதங்களெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1965-இல், டில்லி பிரிட்டிஷ் ஹை கமிஷனுக்கு மாற்றலான கணவருடன் இந்தியாவுக்கு வந்தார். அதிகாரியின் மனைவி என்றால் விருந்தும் உபசாரமுமாகப் பொழுதைக் கழிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவருக்கு அது அலுத்துப்போயிற்று. 1967-இல் ஒரு நாள் ஹை கமிஷன் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே எம்.ஐ.5-இன் பிரதிநிதியாக இருந்த அதிகாரி அழைத்து, அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு ஆள் வேண்டும், பகுதி நேரமாக வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். உளவுத்துறையின் தலைமைப் பதவி வரை போனவருக்கு அந்தத் துறையின் கதவு திறந்தது நம் நாட்டில், ஒரு தட்டச்சுப்பொறியின் முன்னால். 1969-இல் லண்டன் திரும்பிய பிறகு முழு நேர ஊழியரானார்.

அங்கே அப்போது ஆண்களை "அதிகாரி" என்றும், அதே படிப்புப் படித்த பெண்களை "இளநிலை உதவி அதிகாரி" என்றும் எடுப்பார்களாம். உளவாளிகளைச் சந்திப்பதும் தகவல் திரட்டுவதும் ஆண்களின் வேலை; வந்த தகவலைக் கோப்பில் சேர்ப்பதும், இந்தக் கோப்புக்கும் அந்தக் கோப்புக்கும் முடிச்சுப் போடுவதும் பெண்களின் வேலை. பெண்கள் சேர்ந்து முறையிட்டதன் பிறகே, 1973-இல் இவருக்கு அதிகாரி என்ற பதவி கிடைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேவு எதிர்ப்பு, நாசவேலை எதிர்ப்பு, பயங்கரவாத எதிர்ப்பு ஆகிய மூன்று பிரிவுகளிலும் பணியாற்றினார். இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு, கணவரைப் பிரிந்த பிறகும், எங்கே வேலை பார்க்கிறோம் என்பதை அக்கம்பக்கத்தில் சொல்ல முடியாமலே இத்தனையும் செய்தார்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எம்.ஐ.5 தொடங்கியது 1909-இல். அப்படி ஒன்று இருப்பதற்குச் சட்டம் வந்ததோ 1989-இல். எண்பது ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் பெயர் இல்லாமலே ஒரு துறை நடந்திருக்கிறது. அதன் தலைவர் யார் என்று அரசாங்கம் நியமனத்தின்போதே வெளிப்படையாக அறிவித்தது முதன்முதலாக ஸ்டெல்லா ரிமிங்டன் விஷயத்தில்தான். பெயரை அறிவித்தவர்கள் படம் தரவில்லை. பத்திரிகைக்காரர்கள் தேடிப் பிடித்துப் படமும் எடுத்து, வீடு இருக்கும் பகுதியையும் வெளியே விட்டுவிட்டார்கள். வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதாயிற்று. இவ்வளவு பட்டவர் அதற்குப் பிறகு முகத்தை மூடிக்கொள்வார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1993 ஜூலையில், தம் துறை என்ன செய்கிறது, என்ன செய்யக் கூடாது என்பதை விளக்கி ஒரு சிறு நூலை வெளியிட்டு, தாமே படத்துக்கு நின்றார். மறு ஆண்டு, பாதுகாப்பும் ஜனநாயகமும் ஒன்றுக்கொன்று முரணா என்ற தலைப்பில் தொலைக்காட்சியில் பேருரையும் நிகழ்த்தினார்.

ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறள், ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தால் மறைபொருளை நீயே வெளியில் விட்டவன் ஆவாய் என்கிறது. இந்த அம்மாள் அதை மீறினாரா என்று யோசித்துப் பார்த்தேன். மீறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒற்றர் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. ஒற்றர்களை ஏவுகிறவர் யார், தப்பு நடந்தால் யாரைப் போய்க் கேட்பது என்பதைத்தான் வெளியில் வைத்தார். வள்ளுவர் காலத்தில் அந்த இடத்தில் அரசன் இருந்தான். அவன் முகம் ஊருக்குத் தெரிந்த முகம். இங்கே எண்பது ஆண்டுகளாக அந்த இடத்தில் முகமே இல்லாமல் இருந்தது.

அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 1984–85-இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நாசவேலை எதிர்ப்புப் பிரிவில் பொறுப்பில் இருந்தவர் இவர். வேலைநிறுத்தத்தைச் சாக்காக வைத்து அரசைக் கவிழ்க்க நினைத்தவர்களை மட்டுமே கவனித்தோம் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார். சுரங்க ஊர்க்காரர்கள் பலர் அதை இன்றுவரை ஏற்கவில்லை. குடிமை உரிமைச் சங்கம் ஒன்றின் பொறுப்பாளர்களைப் பற்றி எம்.ஐ.5 கோப்பு வைத்திருந்ததை, அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணே 1985-இல் அம்பலப்படுத்தினார். அப்படிக் கோப்பில் இருந்தவர்களில் இருவர் பிற்காலத்தில் அமைச்சர்கள் ஆனார்கள் என்பது இந்த நாட்டின் வேடிக்கை. வேலியே பயிரை மேய்வது இங்கேயும் உண்டு, அப்பா.

ஓய்வுபெற்ற பின் அவர் பேசியவற்றுக்காகத்தான் அவர்மீது எனக்கு மரியாதை கூடியது. 2001-இல் தம் வாழ்க்கை வரலாற்றை, விதிப்படி அரசாங்கத்திடம் காட்டி அனுமதி பெற்றே வெளியிட்டார். அப்படியும் பழைய சகாக்கள் பலர் முகம் சுளித்தார்கள். எல்லாருக்கும் அடையாள அட்டை என்று அரசாங்கம் கிளம்பியபோது, போலி செய்ய முடிகிற அட்டையால் ஒரு பயனும் இல்லை என்று 2005-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2009-இல் இன்னும் கடுமையாக, மக்களைப் பயமுறுத்தி அவர்களின் உரிமைகளைக் குறைக்கும் சட்டங்களை அரசாங்கம் கொண்டுவருகிறது, பயந்து வாழும் மக்களும் போலீஸ் ராஜ்யமும்தானே பயங்கரவாதிகள் வேண்டுவது என்றார். பென்ஷன் வாங்கும் அதிகாரி, அதுவும் உளவுத்துறைக்குத் தலைவராக இருந்தவர், ஆட்சியில் இருப்பவர்களைப் பார்த்து இப்படிச் சொல்வதை நம் பக்கத்தில் கற்பனை செய்து பாருங்கள்.

இரண்டாவது கேள்வி. இங்கே கை நீட்டுவது அறவே கிடையாது என்று நான் சொன்னால் அது பொய். அவர் பதவியில் இருந்த அதே காலத்தில், 1994 அக்டோபரில், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்கள் பணம் வாங்கினார்கள் என்று பத்திரிகையில் வந்து நாறிப்போயிற்று. பிரதமர் ஜான் மேஜர், நோலன் பிரபு என்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைத்தார். அடுத்த ஆண்டு அந்தக் குழு, பொது வேலையில் இருக்கும் எவரும் கடைப்பிடிக்க வேண்டியவை என்று ஏழு கொள்கைகளைச் சொன்னது: தன்னலமின்மை, நேர்மை, நடுநிலை, பொறுப்புக்கூறல், ஒளிவின்மை, உண்மை, தலைமைப் பண்பு. இங்குள்ள உள்ளாட்சி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்த ஏழையும் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்ததால் எல்லாரும் யோக்கியர்களாகிவிடவில்லை. 2009-இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு வெளியானபோது, ஒருவர் தம் குளத்து வாத்துகளுக்கு வீடு வாங்க 1,645 பவுண்ட் கேட்டிருந்தது தெரியவந்தது (கொடுக்கவில்லை என்பது வேறு). பொய்க்கணக்கு எழுதிய சிலர் சிறைக்கே போனார்கள். கொரோனா காலத்தில் தாம் போட்ட விதியைத் தாமே மீறிய பிரதமருக்குப் போலீஸ் அபராதம் விதித்தது 2022-இல்.

இவற்றையெல்லாம்விடக் கொடுமை தபால் நிலைய விவகாரம். கணினிக் கணக்கில் பிழை. கணக்கில் குறைவதாகக் காட்டிய பணத்தைத் திருடினார்கள் என்று, 1999-க்கும் 2015-க்கும் இடையில், கிளை அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். அவர்களில் நம் நாட்டு வம்சாவளியினர் நிறையப் பேர். தனிச் சட்டம் போட்டு மொத்தமாக அவர்கள் பழியைத் துடைக்க 2024 ஆயிற்று. யாரும் லஞ்சம் வாங்கியதாகப் பேச்சில்லை. கணினி சொல்வது தவறாக இருக்கலாம் என்று தெரிந்த இடத்தில், தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

போன மாதம் என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நடக்க முடியாத ஒரு பெரியவரின் வாகன நிறுத்த அனுமதி விண்ணப்பத்தை நான் பார்த்து முடித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ஊரான பெர்ஷோரில் விளைந்த பிளம்ஸ் பழத்தில் தாமே காய்ச்சிய ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். மூடிமேல் கட்டம் போட்ட துணி கட்டி, கைநடுங்கும் எழுத்தில் தேதியும் எழுதியிருந்தது. வேண்டாம் என்றால் மனம் நோவார். வாங்கிக்கொண்டு மேலாளரிடம் போய் நின்றேன். அவர் சிரித்துவிட்டு, தப்பொன்றும் இல்லை, பதிவேட்டில் எழுதிவிடு என்றார். யாரிடமிருந்து, என்ன பொருள், மதிப்பு என்ன, அதை என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். "பிளம்ஸ் ஜாம், ஒரு பாட்டில், சுமார் 3 பவுண்ட், ஊழியர் அறையில் வைக்கப்பட்டது" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அது வெறும் 3 பவுண்ட் ஜாம்தான். ஆனால் என் பெயருக்கு எதிரே தேதியோடு ஒரு வரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்ற நினைப்பு அன்று முழுவதும் கூடவே இருந்தது.

எழுதும்போது உங்கள் நினைவுதான். கோப்பு வெளியே போன தேதியை மாற்றிப் போடச் சொன்ன பெரிய அதிகாரியிடம் முடியாது என்று வாயால் சொல்லாமல், அன்றைய தேதியையே போட்டு, அடியில் முழுக் கையெழுத்தும் போட்டுப் பதிவேட்டை மூடிவைத்தீர்களே, அதற்குப் பரிசாக வந்த மாற்றலில் இரண்டு வருடம் பஸ்ஸில் போய் வந்தீர்களே. அம்மா இன்றும் அந்தப் பஸ்ஸைத் திட்டுகிறாள். உங்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் வராது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதிவேடு இன்னும் அங்கே இருக்கிறதா, செல்லரித்துப் போயிற்றா என்று எப்போதாவது அந்தப் பக்கம் போனால் விசாரித்து எழுதுங்கள்.

குளிர் மெல்லத் தொடங்கிவிட்டது. செவர்ன் ஆற்றங்கரையில் காலையில் பனிமூட்டம். தீபாவளிக்கு அம்மா முறுக்கு அனுப்புவதாகச் சொன்னாள். இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றை அலுவலகத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். நான் கொடுப்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டுமா என்று மேலாளரைக் கேட்டு, அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்