பனியில் ஓடும் வள்ளம்

மச்சான் யோகன்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம், சின்னவளின் இருமலும் விட்டுவிட்டது. சித்தப்பாவின் காணி விஷயத்தை அப்புறம் போனில் கதைப்போம். இதை வேறு யாருக்கு எழுதினாலும் விசர் என்பார்கள், நீ வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளை, உனக்கு விளங்கும்.

என்னோடு மீன் ஆலையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், துருவமான் மேய்க்கும் வடக்குப் பழங்குடியான சாமி இனத்தவர், நோர்வேயின் வடக்கிலுள்ள கௌத்தோகெய்னோ ஊரில் தன் தகப்பனின் கொட்டிலைத் திறந்து, துருவமான் இழுத்த புல்க் என்ற பனி வண்டியைக் காட்டினார். கிறிஸ்மஸ் அட்டையில் வருகிற இரட்டைச் சறுக்குக்கட்டை வண்டி இல்லை, மச்சான், சாட்சாத் வள்ளமேதான்! அடியில் முதுகெலும்பு மாதிரி அகலமான ஏராக்கட்டை, குறுக்கே விலா எலும்பு மாதிரி வங்குகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறின பலகைகள், முன்பக்கம் மேலெழும்பிக் கூராக, பின்பக்கம் நேராக வெட்டி நிறுத்தியிருக்கிறது. ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்தால் இடம் சரி. மானின் கழுத்துப்பட்டியிலிருந்து ஒரேயொரு வார் வயிற்றுக்குக் கீழாக, பின்னங்கால்களுக்கு நடுவால் வந்து வண்டியைப் பிடிக்கும். ஓட்டுகிறவர் கையிலும் ஒற்றைக் கயிறுதான், மீதியெல்லாம் உடம்பைச் சாய்த்துச் சமாளிக்க வேண்டும். இடம்பெயரும் காலத்தில் இப்படி வண்டிகளை ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கட்டி வரிசையாகப் போவார்களாம், இறக்கத்தில் பின்னால் கட்டிய மான் காலை ஊன்றிப் பிரேக் போடும்.

1960களில் பனியில் ஓடும் மோட்டார் வண்டியான பனி ஸ்கூட்டர் வந்தது, பத்து வருஷத்துக்குள் எல்லாம் கொட்டிலுக்குள் போய்விட்டது. ஸ்கூட்டரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் குளிரில் மந்தையின் பின்னால் அலைகிறவனுக்கு அது வரம். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. வண்டியைத் திரும்பச் செய்துவிடலாம், இழுக்கிற மானுக்கு எங்கே போவது? காயடித்த கிடா மானை வருஷக் கணக்கில் பழக்க வேண்டும், பழக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு இங்கே மான் ஓட்டப்போட்டி உண்டு, சுவீடனில் 1605இலிருந்து நடக்கிற யொக்மொக் குளிர்காலச் சந்தையிலும் மான் வரிசை ஊர்வலம் வரும். அதெல்லாம் இருக்கட்டும், கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் சுமையோடு ஒரு மலையைத் தாண்டத் தெரிந்த மான் வேறு, மச்சான்.

பெரியவரின் பேரன் அந்த வண்டியைத் திருத்தி எடுக்கப் போகிறான், நானும் கூட நிற்கிறேன். அடியிலிருந்து இரண்டாவது பலகை உக்கிவிட்டது. மேல்பலகைகளைக் கழற்றாமல் அதை மட்டும் மாற்ற வழி உண்டா என்று உன் பெரியப்புவிடம் கேட்டு உடனே எழுது. படம் அனுப்புகிறேன், ஆணித்தலைகளை நன்றாகப் பார்க்கச் சொல்லு.

அன்புடன்,
சிவா