சந்திரமதிக்கு என்ன சேலை

புதுக்கோட்டை,
வெள்ளிக்கிழமை ராத்திரி

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டு விட்டு வருது, பயப்படாதே. ஆர்மோனியத்துல கை வெச்சா மட்டும் இருமலைக் காணோம்.

நீ வாட்ஸப்புல கேட்டிருந்ததைப் பார்த்தேன். அரிச்சந்திரன் நாடகத்து மயான காண்டத்துல சந்திரமதிக்கு என்ன சேலை, ஜரிகை உண்டா, நகை உண்டா, அர்ஜென்ட்டும்மான்னு. அதுக்குக் கீழ இன்னொரு வரியும் போட்டிருந்தே. அதுக்கு அப்புறம் வரேன். போன்ல சொல்லலாம்னா நீ எடுக்கிறதில்லை. ஷூட்டிங் வேலைன்னா அப்படித்தான், எனக்குத் தெரியாதா. வேலை இருந்தா பேச வேணாம். சாப்பிட்டுட்டேன்னு ஒரு வார்த்தை அனுப்பினா போதும்.

முதல்ல சேலை. சந்திரமதி ராணியா இருக்கையில பட்டு, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி எல்லாம் உண்டு. நாட்டை முனிவர்கிட்டக் குடுத்துட்டு வெளியேறினதும் நகை போயிடும். காசியில காலகண்டையர் வீட்டுக்கு அடிமையா வித்த பிறகு நூல் சேலைதான். நாங்க கண்டாங்கி கட்டுவோம். இந்தக் கடைசிச் சேலையிலதான் உங்க சினிமாக்காரங்க தப்பு பண்ணுவாங்க. கிழிஞ்ச சேலைன்னு சொன்னா கத்திரிக்கோல் எடுத்து அங்கங்க ஓட்டை போடுவாங்க. ஏழை வீட்டுச் சேலை அப்படிக் கிழியாது பாப்பா. உட்கார்ற இடம் நைஞ்சிருக்கும். இடுப்புல சொருகுற இடத்துல சாயம் போயிருக்கும். முந்தானை ஓரம் நூல் பிரிஞ்சு, கை துடைச்சுத் துடைச்சு ஒரு மூலை மட்டும் கறுத்திருக்கும். புதுக் கண்டாங்கியைச் சலவை சோடா போட்டு ரெண்டு கொதி கொதிக்கவிட்டு, பிழியாம வெயில்ல போடு. முந்தானை மூலையை அடுப்புக்கரியில தொட்டுத் தேய். கத்திரிக்கோலைத் தொடாதே.

ஒண்ணு மட்டும் உங்க டைரக்டர்கிட்டச் சொல்லு. சேலைதான் ஏழைச் சேலை, கட்டு ராணிக் கட்டு. பத்துப்பாத்திரம் தேய்ச்சாலும் அவ கொசுவம் கலையாது. எனக்கு அதைச் சொல்லிக் குடுத்தது யாருன்னு உனக்குத் தெரியும். இப்ப அவங்க பேரை எடுத்தா அப்பா எந்திரிச்சுப் போயிடுவார், அதனால விடு.

ரெண்டாவது வெளிச்சம். உங்க கதை 1930-கள்ல நடக்குதுன்னா கிராமத்து மேடையில கரண்டு ஏது? கேஸ்லைட்தான். அந்த மஞ்ச வெளிச்சத்துக்குத்தான் அத்தனை சம்கியும் ஜிகினாவும் கண்ணாடிக்கல்லும். கடைசி வரிசையில சாக்கு விரிச்சு உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு மூஞ்சி தெரியாது, மார்ப்பதக்கம் மின்னுறது தெரியும். மின்னலை வெச்சுத்தான் ராஜா இன்ன பக்கம் நிக்கிறார்னு பார்ப்பாங்க. மூஞ்சிக்கு அரிதாரமும் முத்துவெள்ளையும். இப்ப டியூப்லைட்ல அதே சம்கியைப் பார்த்தா மளிகைக்கடைத் தோரணம் மாதிரி இருக்கு. உங்க கேமராவுக்கு எவ்வளவு மின்னணும்னு நீதான் பார்த்துச் சொல்லணும். நீ சின்ன வயசுலயே அதைக் கண்டுபிடிச்சிடுவே. மேடைக்கு எதிர்ல உட்கார்ந்து, "அம்மா, உன் ஒட்டியாணம் ஒரு பக்கம் அணைஞ்சு போச்சு"ன்னு சொன்ன பிள்ளைதானே நீ. அதை நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா.

ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சு தனியா ஆட்டோவுல வராதே. கம்பெனி வண்டியைக் கேளு. வெக்கப்படாமக் கேளு.

நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகளைப் பத்தி உங்க கதையில வருதுன்னு சொன்னியே, இதையும் எழுதிக்க. எழுத்துக்கு முன்னாடி அவரே வேஷம் கட்டினவர். எமன், சனீஸ்வரன், அந்த மாதிரி. நளதமயந்தியில சனீஸ்வரன் கட்டின ராத்திரி, உடம்பு முழுக்கக் கறுப்பு எண்ணெய். விடியக்காலை அதைக் கழுவக் குளத்துக்குப் போயிருக்கார். துணி வெளுக்க வந்த பொம்பளை இருட்டுல அந்த உருவத்தைப் பார்த்து அங்கேயே விழுந்து உயிரை விட்டுடுச்சாம். அன்னையோட வேஷம் கட்டுறதையே விட்டுட்டு, எழுதவும் சொல்லிக்குடுக்கவும் உட்கார்ந்துட்டார்னு எங்க ஆளுங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. 1922-ல அவர் போறதுக்கு முன்னாடி, 1918-ல மதுரையில அவர் வெச்ச பையன்கள் நாடகக் கம்பெனியில இருந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள் வந்தாங்க. அதுல சண்முகம் அப்புறம் அவ்வையாரா வேஷம் கட்டி அவ்வை சண்முகம்னே ஆனார். நீ கோபாலபுரம் பக்கம் போறப்ப பார்த்திருப்பியே, அவர் பேர்லதான் அந்த ரோடு. சிவாஜியும் பையன்கள் கம்பெனியில சீதையா நின்னவர்தான். ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டினா ரோட்டுக்குப் பேர் வைக்கிறாங்க. பொம்பளை பொம்பளை வேஷம் கட்டினா... சரி, அதை விடு.

விடியறதுக்குள்ள வேஷத்தைக் கலைச்சிடணும்னு அதான் எங்களுக்குள்ள ஒரு பேச்சு. என்னால எங்க முடிஞ்சது. ஆறு மணிக்கு மங்களம் பாடி, முதல் பஸ்ஸைப் பிடிச்சு, நீ பள்ளிக்கூடம் கிளம்புற நேரத்துக்குத்தான் வாசப்படி ஏறுவேன். காதோரம் ரோஸ் பவுடர் இருக்கும். நீ உன் பாவாடை நுனியால துடைச்சுவிடுவே. முதல்ல சிரிச்சுக்கிட்டே துடைச்சே. ஆறாவது, ஏழாவது வந்த பிறகு தெருவைப் பார்த்துக்கிட்டே துடைச்சே.

இப்ப தாலி. நீ நகை உண்டான்னுதான் கேட்டே, தாலியைக் கேக்கலை. அதுதான் முக்கியம். சந்திரமதி கழுத்துத் தாலி அரிச்சந்திரன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், மத்த யாருக்கும் தெரியாது. சுடுகாட்டுல வெட்டியானா நிக்கிறவர், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தவகிட்ட கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கேக்கிறார். ஒண்ணும் இல்லைங்கிறா. கழுத்துல தாலி இருக்கே, அதை வித்துக் கொண்டாங்கிறார். அப்பத்தான் அவளுக்குத் தெரியுது எதிர்ல நிக்கிறது யாருன்னு. ஊரே மூச்சுவிடாம இருக்கிற இடம் அது.

அப்ப நடிக்கிறவ தாலியை என்ன பண்ணணும்? அந்த வசனம் வர்ற வரைக்கும் ஜனங்க கண்ணுல அது படவே கூடாது. ரவிக்கைக்குள்ள போட்டு, பின்கழுத்துல மஞ்சக்கயிறு தெரியாம முந்தானையைச் சுத்தி இழுத்துக்கணும். அவர் சொன்ன பிறகு உடனே எடுத்துடவும் கூடாது. முதல்ல கை மட்டும் கழுத்துக்குப் போகணும், கட்டைவிரல் கயித்தைத் தேடணும், அது தட்டுப்பட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்க்கணும். சில பேர் மேடைக்குன்னு தனியா ஒரு கயிறு கட்டிக்குவாங்க. நான் உங்கப்பா கட்டினதைத்தான் எடுத்துக் காட்டினேன். உங்க ஆச்சி அதுக்கு எத்தனை வசவு! அரிச்சந்திரனா நடிக்கிற ராஜபார்ட்டு அந்தத் தாலியைப் பார்த்து ஓன்னு அழுவார். உங்கப்பா பக்கத்துலயே உட்கார்ந்து முகாரிக்குக் கட்டை அழுத்திக்கிட்டிருப்பார். ஒருநாளும் தலையைத் தூக்கினதில்லை. சுருதியும் விலகினதில்லை.

வள்ளி திருமண நாடகத்து வள்ளின்னா தாலி கடைசி வரைக்கும் உள்ளதான், அவ கன்னி. இதைக் கண்டிப்பா உங்க நடிகைக்குச் சொல்லு, மறந்துடப் போறா.

கொடுமுடி சுந்தராம்பாளைப் பத்தி ஒரு வார்த்தை. 1933-ல அவங்க புருஷன், நடிகர் கிட்டப்பா போனப்ப அந்தம்மாவுக்கு 25 வயசு. வெள்ளைச் சேலைக்கு மாறினவங்க கடைசிவரைக்கும் வேற கட்டலை. இனி ஆம்பளைகளோட ஜோடி சேரமாட்டேன்னுட்டாங்க. அப்படியும் 1935-ல நந்தனாரா, ஆம்பளை வேஷத்துல, படத்துல நடிச்சாங்க. அதுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து ஒரு லட்சம். 1953-ல அவ்வையார். கிழவி வேஷம்னா எல்லாருக்கும் இன்னைக்கும் கண்ணுல நிக்கிறது அந்த விபூதியும் கம்பும்தானே. மேல்சபை உறுப்பினராவும் போய் உட்கார்ந்தாங்க. நாடகத்துல பாடிக்கிட்டிருந்த அம்மாதான். எந்த வேஷத்தையும் கலைக்கலாம், அவங்க வெள்ளைச்சேலையை மட்டும் கலைக்க முடியலை. உங்க படத்துல அந்த மாதிரி பாத்திரம் இருந்தா, பளிச்சுன்னு நீலம் போட்ட வெள்ளையைக் குடுக்காதே. கேமராவுல விளம்பரம் மாதிரி ஆயிடும்.

துணியை மட்டும் பார்த்தா போதாதுங்கிறதுக்கு இன்னொண்ணு. மேடையில பவளக்கொடி ஆடின தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் 1934-ல அதையே படமா ஆடினாங்க. ஊர் ஆம்பளைங்க பாகவதர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது பட்டையும் ஜரிகையையுமா? தோள்வரைக்கும் வளர்ந்த கிராப்பை. தலைமுடிக்கும் பட்ஜெட் கேளு. நைலான் சவுரி வேணாம்.

சரி, நீ கீழ போட்டிருந்த அந்த ஒரு வரி.

படத்தைக் கழட்டிட்டேன். வெள்ளையடிக்கணும், அதுக்கு முன்னாடி சுவத்துல இருக்கிறதை எல்லாம் எடுத்துடும்மான்னு எழுதியிருந்தே. காலண்டரை எடுக்கச் சொன்னியா, ஆச்சி தாத்தா படத்தை எடுக்கச் சொன்னியான்னு நான் கேக்கலை. கவண்கல்லோட பரண்மேல நிக்கிற என் வள்ளி வேஷப் படத்தைக் கழட்டிப் பழைய வேட்டியில சுத்தி டிரங்குப்பெட்டியில வெச்சிருக்கேன். சுவத்துல அது இருந்த இடம் மட்டும் பளிச்சுன்னு கட்டம் கட்டின மாதிரி தெரியுது. வெள்ளையடிச்சா போயிடும்னு பெயின்ட்டர் சொல்றான்.

சின்ன அத்தை வந்திருந்தா. அந்தத் தம்பி வீட்டுல உங்கம்மா டெய்லர்னு நீ சொல்லிவெச்சிருக்கிறதா பேச்சுவாக்குல சொன்னா. அவ பேச்சை எப்பவும் பாதிதான் எடுத்துக்கணும். அப்படியே சொல்லியிருந்தாலும் பொய்யில்லை. என் வெல்வெட் ரவிக்கை அத்தனையும் நான் தைச்சதுதானே. தையல்மிஷின் இன்னும் திண்ணையிலதான் கிடக்கு, எண்ணெய் போட்டுவைக்கிறேன்.

எனக்குக் கோபம் இல்லை பாப்பா. பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருந்த நாடக நோட்டீஸ்ல அத்தனை படத்தையும் விட்டுட்டு என் மூஞ்சி மேல மட்டும் சாணி அடிச்சிருந்ததே ஒரு வருஷம், அன்னைக்கும் நான் யார்னு கேக்கலை. வீட்டுக்கு வந்து உனக்குத் தலை பின்னிவிட்டேன். நல்ல இடம்னு எல்லாரும் சொல்றாங்க. தம்பி முகமும் நல்லாத்தான் இருக்கு. நீ காசு பார்க்கிற வேலையே இந்த வேஷத்தை வெச்சுத்தான்னு அந்தத் தம்பிக்குத் தெரியும்ல? தெரிஞ்சா சரி.

அவங்க வர்ற அன்னைக்கு என்னை என்னவா இருக்கச் சொல்றேன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. ஒத்திகை எனக்கு வேணாம். ஸ்பெஷல் நாடகத்துல எந்த ஊர் ராஜபார்ட்டு, எந்த ஊர் பபூன்னு மேடையிலதான் மூஞ்சியைப் பார்ப்போம், விடியுற வரைக்கும் ஒரு வார்த்தை இடறாது. ஆனா இன்னைக்கு என்ன நாடகம்னு தெரியாம நான் மேடை ஏறினதில்லை. அப்பா என்னவா இருக்கணும்னும் சொல்லு. ஆர்மோனியத்தை எங்க மறைக்கிறது? கட்டிலுக்கடியில போகாது, அளந்து பார்த்துட்டேன்.

நல்லாச் சாப்பிடு. தனியா ஆட்டோவுல வராதே.

பெட்டியில இருக்கிறதுல உங்களுக்கு வேணுங்கிறதைப் பார்சல்ல போடுறேன், விலாசம் அனுப்பு. வெல்வெட்டை மடிக்காதே, சுருட்டு. வாடகைன்னு கம்பெனியில குடுத்தா வேணாம்னு சொல்லாம வாங்கு, டெய்லர் கணக்குலயே எழுதிக்கச் சொல்லு. தோள்ல மாட்டுற புஜகீர்த்தி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணைச் சின்ன அத்தை மகன் ஆண்டுவிழாவுக்குன்னு வாங்கிட்டுப் போய் இன்னும் திருப்பித் தரலை. நீ கேட்டா குடுத்துடுவான், நான் கேட்டா சண்டையாயிடும்.

அம்மா