விவேக் ராமசாமிக்கு ஒரு கடிதம்: வருமான வரி போனால் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

அன்புள்ள விவேக் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் பேசுகிறவர் நீங்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் நிற்கப்போவதாக 2025 பிப்ரவரியில் நீங்கள் சின்சினாட்டியில் அறிவித்ததிலிருந்து, ஊரிலிருந்து போன் செய்யும் உறவினர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். "பாலக்காட்டுக் குடும்பத்துப் பையன் கவர்னர் ஆகப்போறானாமே!" இங்கே ஆளுநர் என்பவர் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, பட்ஜெட்டே அவர் கையில் என்று அவர்களுக்கு விளக்குகிறேன். அதனால்தான் உங்கள் பூர்வீகத்தைவிட உங்கள் வரிக் கொள்கை எனக்கு முக்கியம்.

மாநில வருமான வரியைப் பூஜ்யமாக்குவேன் என்கிறீர்கள். வீட்டு வரியையும் குறைப்பேன் என்கிறீர்கள். வீட்டு வரி ஏறிய ஏற்றத்தில் ஓய்வுபெற்றவர்கள் தவிப்பதைப் பார்க்கும்போது இரண்டாவது நியாயமாகவே படுகிறது. ஆனால் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை எப்படிச் செய்வீர்கள்?

ஆண்டுக்கு 26,050 டாலருக்குள் சம்பாதிப்பவர்கள் இப்போதே மாநில வருமான வரி கட்டுவதில்லை. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 2026 முதல் ஒரே விகிதம், 2.75%. அதையும் எடுத்தால் பெரிய லாபம் பெரிய வருமானக்காரர்களுக்குத்தான். கொலம்பஸிலோ கிளீவ்லாந்திலோ வேலை பார்ப்பவர் நகரத்துக்குக் கட்டும் 2.5% வருமான வரி அப்படியே இருக்கும். மாநிலத்தின் கையில் மிஞ்சும் பெரிய வரி விற்பனை வரிதான். ஏற்கெனவே அது 5.75%, அதற்கு மேல் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்தின் பங்கு வேறு. அதை ஏற்றினால் ஏழைக்குத்தான் அதிகம் வலிக்கும்.

ஃபுளோரிடாவும் டெக்ஸஸும் வருமான வரி இல்லாமல் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஃபுளோரிடாவுக்குச் சுற்றுலா இருக்கிறது, டெக்ஸஸுக்கு எண்ணெய் இருக்கிறது. அப்படியும் டெக்ஸஸ்காரர்கள் வீட்டு வரியில் புலம்புகிறார்கள். நமக்கு நெருக்கமான பாடம் கான்சஸ். 2012இல் ஆளுநர் பிரவுன்பேக் வருமான வரியைப் பெரிதாக வெட்டினார், வளர்ச்சி வந்து குவியும் என்றார். குவியவில்லை. பணமில்லாமல் சில பள்ளி மாவட்டங்கள் 2015இல் கல்வியாண்டையே முன்னதாக முடித்தன. 2017இல் அவருடைய கட்சி பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றமே அவருடைய வீட்டோவை மீறி வரியைத் திரும்பக் கொண்டுவந்தது.

ஒஹாயோவில் நிலைமை இன்னும் சிக்கல். பள்ளிகளை நடத்த வீட்டு வரியை அளவுக்கு மீறி நம்புவது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1997லேயே நம் மாநில உச்ச நீதிமன்றம் டிரோல்ஃப் வழக்கில் சொல்லிவிட்டது. இன்றும் பள்ளி மாவட்டங்கள் லெவி, அதாவது வீட்டு வரியோடு சேரும் கூடுதல் வரி, கேட்டு வாக்காளர்களிடம் வந்து நிற்கின்றன. லெவி தோற்றால் முதலில் போவது பஸ், அப்புறம் இசை, விளையாட்டு. மாநிலப் பங்கு சுருங்கினால் இந்த லெவிகள்தானே கூடும்? உங்கள் ஒரு வாக்குறுதியே இன்னொன்றைச் சாப்பிட்டுவிடும்.

ஆசிரியர்களுக்குத் திறமைக்கேற்ற சம்பளம் என்கிறீர்கள். நல்ல ஆசிரியருக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர் நீங்கள், அங்கே உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் வறுமை மிகுந்த பள்ளிக்கு நல்ல ஆசிரியர்கள் போகவே மாட்டார்கள்.

ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கு வேலை நிபந்தனை என்ற உங்கள் கோரிக்கை இப்போது மத்திய சட்டமாகவே ஆகிவிட்டது. 2027 தொடக்கத்திலிருந்து மாதம் 80 மணி நேர வேலை. ஆர்கன்சாவில் 2018இல் இதைச் செய்தபோது சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள், வேலைவாய்ப்பு கூடவில்லை. பலர் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதைக் காட்டும் படிவத்தில்தான் தோற்றார்கள். இங்கே மெடிகெய்டை 2013இல் விரிவாக்கிய அன்றைய ஆளுநர் ஜான் கேசிக் உங்கள் கட்சிக்காரர்தான்.

ஆகவே இரண்டு விஷயங்களைத் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் தாருங்கள். வருமான வரி எந்த ஆண்டில் எவ்வளவு குறையும், அந்த ஆண்டில் பள்ளிகளுக்கான மாநிலப் பங்கு எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு ஒன்று. மெடிகெய்டில் இருப்பவர் வேலை செய்கிறாரா என்பதை, அரசிடமே உள்ள சம்பளப் பதிவுகளைப் பார்த்து அரசே சரிபார்க்கும் என்ற உறுதி மற்றொன்று.

அன்புடன்,
ஒஹாயோவில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்