நரம்பும் தசையும் சேரும் இடத்தை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மோட்டார் நியூரான் நோய் பற்றி உங்கள் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்டுவடத்தில் நரம்பணுக்கள் மடிவதால் தசைகள் செயலிழக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அது சரிதான், ஆனால் நடப்பதில் பாதியைத்தான் சொல்கிறது. நரம்பும் தசையும் சேரும் இடத்தை ஆராய்வதிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அந்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது மனதை உறுத்துகிறது.

நரம்பு நுனி தசையைத் தொடுவதில்லை. நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விடுகிறது, தசை சுருங்குகிறது. லண்டனில் பெர்னார்ட் காட்ஸும் பால் ஃபாட்டும் 1950-களின் தொடக்கத்தில் தவளைத் தசையில் கண்ணாடி மின்முனையைச் செருகிப் பார்த்தார்கள். நரம்பைத் தூண்டாமல் இருந்தபோதும் அரை மில்லிவோல்ட் அளவில் சின்னச் சின்னத் துடிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அசிட்டைல்கோலின் பொட்டலம் பொட்டலமாக வெளியாகிறது என்பது அங்கிருந்துதான் புரிந்தது. காட்ஸுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவப் பருவத்தில் அந்தத் துடிப்புகளை என் திரையிலேயே பார்த்த பிறகு வேறு எதையும் ஆராய எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் சுண்டெலிகளுக்கு மாறினேன். பரம்பரையாக வரும் மோட்டார் நியூரான் நோய்க்கு எஸ்ஓடி1 மரபணுவில் உள்ள பிழை ஒரு காரணம் என்று 1993-இல் தெரிந்தது. அந்தப் பிழையைத் தாங்கிய எலிகள் அடுத்த ஆண்டே வந்துவிட்டன. அசிட்டைல்கோலினைப் பற்றிக்கொள்ளத் தசையில் உள்ள ஏற்பிகளைக் காண, கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சிலிருந்து எடுத்த பங்காரோடாக்சினில் சிவப்புச் சாயம் ஏற்றுவோம். ஏற்பியை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்புக்குப் பச்சைச் சாயம். நல்ல தசையில் சிவப்பின் மேல் பச்சை அச்சாகப் படிந்திருக்கும். நோயுள்ள எலியின் தசையில் சில இடங்களில் சிவப்பு மட்டும் தனியாகக் கிடக்கும், நரம்பு பின்வாங்கியிருக்கும். அந்த எலியோ அதுவரை கூண்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். இத்தகைய எலிகளில் செய்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த 47-ஆம் நாளிலேயே இந்த இணைப்புகள் அறுந்திருந்தன. தண்டுவடத்தில் நரம்பணுக்கள் குறையத் தொடங்கியதோ 80-ஆம் நாளுக்குப் பிறகு.

ஓர் இணைப்பு அறுந்தால் பக்கத்து நரம்பு கிளைவிட்டு அந்தத் தசைநாரை எடுத்துக்கொள்கிறது. வேலைக்கு வராதவரின் பங்கையும் உடனிருப்பவர் சேர்த்துச் செய்வதைப் போல. அதனால்தான் பலம் குறைவது நெடுநாள் தெரிவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று ஒருவர் மருத்துவரிடம் வரும்போது, அந்தக் கையில் இந்த ஈடுகட்டல் ஏற்கெனவே தோற்கத் தொடங்கியிருக்கும். இதே நரம்பணுக்களைப் பாதிக்கும் பரம்பரை நோயான முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் அறிகுறி தோன்றும் முன்பே மருந்து பெற்ற குழந்தைகள் பலர் இன்று எழுந்து நடக்கிறார்கள். எஸ்ஓடி1 பிழை உள்ளவர்களுக்கான டோஃபர்சன் மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதையும் அறிகுறிக்கு முன்பே கொடுத்துப் பார்க்கும் ஆய்வு தொடங்கியிருக்கிறது. இவையெல்லாம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இதே இணைப்பில் வரும் இன்னொரு நோய் மயஸ்தீனியா கிராவிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்குவதால் பெரும்பாலும் வருகிறது. பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமம் என்று தொடங்கினால் சில நேரம் மோட்டார் நியூரான் நோயோ என்று சந்தேகிக்கப்படுவதுண்டு. ஆனால் இமை தொங்குவதும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதும், சாயங்காலம் சோர்வு கூடி ஓய்வெடுத்தால் குறைவதும் மயஸ்தீனியாவின் அடையாளங்கள். மோட்டார் நியூரான் நோயில் கண் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மயஸ்தீனியாவுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் நரம்பைத் தொடர்ந்து தூண்டிப் பார்க்கும் சோதனையும் அதைக் கண்டுபிடிக்க உதவும்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் நாக்குக் குழறலை நினைத்துப் பயந்துபோன வாசகர் ஒருவராவது இருப்பார். அவருக்காக இந்த அடையாளங்களை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்படியும் அதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர்