'கலா'வுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பானவர்களுக்கு வணக்கம்.

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த நம் ஈழத் தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 'கலா' இசைத்தொகுப்பு 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. பாடியவருக்குக் கைதட்டல் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. அவருக்குக் கைகொடுத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றிதான் இத்தனை வருடமாகப் பாக்கி கிடக்கிறது.

முதலில் கோடம்பாக்கம். அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர் டிம்பலேண்டோடு சேர்ந்து தொகுப்பின் பெரும்பகுதியைச் செய்வதாகத்தான் மாயா நினைத்திருந்தார். அங்கே தங்கி வேலை செய்ய விசா கிடைக்கவில்லை. சரி என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்த்தார். 2006இல் சென்னைக்கு வந்தபோது ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து பாட்டு அமைக்கும் முயற்சி நடந்தது. அது அப்போது கைகூடவில்லை. ஆனாலும் ரஹ்மான் தன் ஏ.எம். ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார், தனக்குத் தெரிந்த கலைஞர்களை அறிமுகம் செய்துவைத்தார். சேர்ந்து செய்த வேலை சரிவராத பிறகும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத அந்தப் பெரிய மனதுக்கு நன்றி, ஐயா.

அந்த ஸ்டூடியோவுக்குள் மேளங்களோடு வந்த 22 கலைஞர்களே, உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொன்றாக இங்கே எழுதியிருப்பேன். 'கலா'வில் வரும் 'பாய்ஸ்' பாட்டில் அதிர்வது உங்கள் கை. தொகுப்பில் உறுமியும் ஒலிக்கிறது. ஒரு பக்கத்தைக் குச்சியால் அடித்து, மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒரு முனகல் வருமே, அதுதான். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்கிற அந்தச் சத்தம் லண்டன் கிளப்புகளில் ஆட்களை ஆட வைக்கும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மாயாவின் அம்மாவைப் போலவே என் அம்மாவும் லண்டனில் தையல் வேலை செய்தவர்தான். சிடியை வாங்கி வந்து நான் போட்டபோது, கல்யாண வீடு ஒன்றுக்காகச் சாரிச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் போடுகிற பாட்டெல்லாம் அவருக்கு வெறும் இரைச்சல். அன்றைக்கு மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. "இது எங்கட மேளச் சத்தமெல்லோ? திரும்பப் போடு" என்றார். திரும்பப் போட்டேன். விரல் நுனியில் ஊசிப் பொத்தல்கள் இருந்த அந்தக் கை, மிஷின் பலகையில் தாளம் போட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவில் வீட்டுப் பாட்டைச் சத்தம் குறைத்துக் கேட்டு வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, மேளம் அடித்த உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

மேளத்தை அதன் முரட்டுத்தனம் கெடாமல் எலக்ட்ரானிக் இசைக்குள் கொண்டுவந்த இசைத் தயாரிப்பாளர் ஸ்விட்சுக்கும், 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை அமைத்த தயாரிப்பாளர் டிப்லோவுக்கும் நன்றி. ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்களின் குழுவான வில்கேனியா மாப், உங்கள் குரல் இந்தத் தொகுப்பில் இருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

'பேப்பர் பிளேன்ஸ்' விசா அலைச்சலில் பிறந்த பாட்டு. குடியேறி வந்தவர்களை உலகம் எந்தக் கண்ணால் பார்க்கிறதோ அதையே எடுத்துப் பாட்டாக்கினார் மாயா. பல்லவியில் வரும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த எங்கள் வீடுகளில் அதை வேறு மாதிரித்தான் கேட்டோம். 2008இல் ஒரு ஹாலிவுட் பட முன்னோட்டத்தில் இடம்பெற்ற பிறகு அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்கா உள்ளே விடத் தயங்கியவரின் பாட்டு அமெரிக்கக் கார்களில் எல்லாம் ஓடியது! அதற்கு முன்பே, 2007இன் சிறந்த தொகுப்பு 'கலா'தான் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி இன்னும் வைத்திருக்கிறேன். நல்ல காது வைத்து எழுதிய விமர்சகர்களுக்கும் நன்றி.

அப்புறம் 2009 பிப்ரவரி, கிராமி மேடை. நிறைமாத வயிற்றோடு மாயா ஆடிய ஆட்டத்தை அம்மா டிவியில் பார்த்தார். "பிள்ளைத்தாச்சி, மெல்ல ஆடு பிள்ளை" என்று சொந்த மகளிடம் சொல்வது போலத் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியாகக் கலா அம்மா. தகப்பன் பெயரில் 'அருளர்' என்ற முதல் தொகுப்பைத் தந்த மகள், அடுத்ததற்கு உங்கள் பெயரை வைத்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அகதியாக லண்டன் வந்து, துணி தைத்து அவர்களை ஆளாக்கினீர்கள். ஒரு தையல்காரத் தாயின் பெயர் கடைக் கண்ணாடியில் அத்தனை பெரிதாக ஒட்டியிருந்ததை என் அம்மாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடிக்குக் கிட்டப் போய், எழுத்துக் கூட்டி வாசித்தார்.

உங்களுக்கு என் அம்மாவின் நன்றியும் சேர்த்து.

அன்புடன்,
லண்டனிலிருந்து இன்னொரு தையல்காரியின் மகள்