காகிதத்தில் 20 மைல், கடலில் 3 மைல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரேல், பாலஸ்தீனப் பேச்சுவார்த்தை முடங்கிக் கிடப்பதற்கு இரு தரப்பின் பிடிவாதமே காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிடிவாதம் உண்டுதான். ஆனால் பாம்பனில் முப்பத்தைந்து ஆண்டுகள் வல்லம் ஓட்டியவன் நான். அவர் தொடாத ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காஸா மீனவர்கள் 20 கடல் மைல் வரை தொழில் செய்யலாம் என்று 1994-இல் கெய்ரோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்கே அவ்வளவு தூரம் கிடையாது. ஆனால் நடைமுறையில் இஸ்ரேல் படையினர் 12 மைல்தான் விட்டார்கள். 2006-க்குப் பிறகு 6. 2009-இல் 3. ராக்கெட் பாய்ந்தால் சுருக்குவார்கள், சண்டை ஓய்ந்தால் கொஞ்சம் தளர்த்துவார்கள். 2023 அக்டோபரில் கடலையே மூடிவிட்டார்கள்.

3 மைல் என்றால் என்ன தூரம் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே வலை இறக்கினால் பாம்பன் பாலத்து விளக்குகள் கண்ணெதிரிலேயே நிற்கும். காஸாவிலும் மத்தி இனம்தான் முக்கியமான மீன். நாங்கள் சூடை என்போம். கூட்டமாக ஓடுகிற மீன் அது. எட்டத்தில் தண்ணீர் கறுத்துச் சலசலப்பது தெரிந்தும், போக வழியில்லாமல் வெறும் வலையை உதறி மடிப்பவனின் வயிற்றெரிச்சலை நான் அறிவேன். எங்கள் கடல் சிக்கல் வேறு, அவர்களுடையது வேறு, இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்த மனிதனிடம் இன்னோர் ஒப்பந்தம் வரப்போகிறது என்று சொன்னால் எதை வைத்து நம்புவான்?

இரு தரப்பும் 1993-இல் போட்ட ஆஸ்லோ சமாதான உடன்பாட்டிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. ஜெருசலேம், அகதிகள், இஸ்ரேலியக் குடியிருப்புகள், எல்லை என்று கடினமானவற்றை எல்லாம் கடைசிக்குத் தள்ளினார்கள். 1999 மே மாதத்துக்குள் முடிப்பதாக ஏற்பாடு. முடியவில்லை. 1993-இல் மேற்குக் கரையில் சுமார் ஒரு லட்சமாக இருந்த இஸ்ரேலியக் குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, இன்று ஐந்து லட்சத்தை எட்டிவிட்டார்கள். பாகம் பிரிக்க உட்கார்ந்த நிலத்தில் ஒருவர் வீடு கட்டிக்கொண்டே போனால் மற்றவர் எதைப் பேசுவது?

இஸ்ரேலியரின் அச்சமும் பொய்யல்ல. ஒப்பந்தம் போட்ட இஸ்ரேல் பிரதமர் ராபினை 1995-இல் சுட்டவன் அவர்கள் நாட்டவனே. ஆனால் அந்த ஆண்டுகளில் பஸ்களில் குண்டு வெடிக்கச் செய்தது பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ். 2005-இல் காஸாவை விட்டுப் படையும் குடியேறிகளும் வெளியேறிய பிறகும் ராக்கெட்டுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் ஆட்கள் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். அதன்பின் காஸாவில் மாண்டவர்கள் 60,000-க்கும் மேல் என்கிறது அங்குள்ள சுகாதாரத் துறை. இத்தனை பிணங்களைத் தாண்டித்தான் இனி யாரும் மேஜைக்கு வர வேண்டும்.

வந்தாலும் கையெழுத்துப் போடுவது யார்? 2005-இல் நான்கு ஆண்டுகளுக்குத் தேர்வான பாலஸ்தீன அதிபர் அப்பாஸ், மறு தேர்தலே இல்லாமல் நீடிக்கிறார். 2007-லேயே காஸா அவர் கையை விட்டு ஹமாஸிடம் போய்விட்டது. பாலஸ்தீன அரசே கூடாது என்று இஸ்ரேல் நாடாளுமன்றம் 2024 ஜூலையில் 68-க்கு 9 என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

என்றைக்காவது பேச்சு மறுபடி தொடங்கினால், தலைவர்கள் கைகுலுக்கும் படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள். அதன் கீழே, அன்று காஸாவிலிருந்து புறப்பட்ட படகு எத்தனை மைல் போய் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
வல்லத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.