சாம்பல் நிறமும் ஒரு கோப்பைத் தேநீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு கலைப் பக்கத்தில், நம் சிங்கப்பூர் வெஸ்ட் கோஸ்ட் கடலைக் காட்டும் பாஸ்டல் (உலர் வண்ணக்கட்டி) ஓவியம் ஒன்றைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். 'படர்ந்த சாம்பல் நிறம் ஓவியரின் மனச்சோர்வைப் பறைசாற்றுகிறது' என்கிறார். நெய்தல் என்றால் இரங்கல் என்று பள்ளியில் படித்ததை அப்படியே போட்டுவிட்டார் போலும்.

நான் துறைமுகத்தில் 31 ஆண்டு கிரேன் ஓட்டியவன். விடியற்காலையில் மேற்கு வானம் அப்படிக் கறுத்து, அடியில் ஊதா ஓடினால் சுமத்ரா காற்று, அதாவது மழையோடு அடிக்கும் சூறைக்காற்று, வருகிறது என்று அர்த்தம். தாங்கள் அறியாததல்ல. பலமாக வீசினால் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கச் சொல்வார்கள். சூடாக ஒரு தே, நாலு பேர் அரட்டை, முகத்தில் சாரல். இதில் மனச்சோர்வு எங்கே வந்தது? கார்காலம் முல்லைக்கு உரியது, தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம். அதையும் படித்திருப்பாரே!

முழங்கால் வலியோடு இரண்டு பேருந்து மாறி, கண்காட்சிக்கு நேரில் போய் அந்த ஓவியத்தைப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு சமூக மன்றத்தில் பாஸ்டல் வகுப்புக்குப் போனவன் என்பதால் கிட்டே போய் நின்றேன். வண்ணக்கட்டி தாளின் சொரசொரப்பில் மேடுகளில்தான் பிடிக்கும், பள்ளங்களில் தாள் தெரியும். இங்கே தாள் செம்மண் நிறம். மேலே சாம்பல் கட்டியே இல்லை ஐயா, நீலமும் ஊதாவும்தான்! அடியிலிருக்கும் செம்மண்ணோடு சேர்ந்து தூரத்துக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அந்தச் சாம்பலில் ஒரு கதகதப்பு இருக்கிறது. விமர்சகர் கையேட்டைப் பார்த்தே எழுதினாரோ என்னவோ.

அவரை மட்டும் சொல்லி என்ன? நீங்கள் படத்தை அச்சிட்டதே கறுப்பு வெள்ளையில், தபால்தலை அளவில். எதிர்ப்பக்க நகைக்கடை விளம்பரம் மட்டும் முழு வண்ணம்! கீழே 'தைல வண்ண ஓவியம்' என்று வேறு. போன வருடமும் இதே தவறு. கடிதம் போட்டேன், வரவில்லை. இடம் இருந்திருக்காது, சரி. பாஸ்டல் என்றாலே வெளிறிய நிறம் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவீர்கள்? பிரெஞ்சு ஓவியர் டெகா வரைந்த நடனப் பெண்களில் எத்தனையோ படங்கள் பாஸ்டல்தான். அந்த ஆரஞ்சும் பச்சையும் வெளிறியவையா? சேலைக்கடையில் 'பாஸ்டல் கலர்' என்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம். கலைப் பக்கத்திலுமா?

அடுத்த முறை படத்தை வண்ணத்தில் போடுங்கள். முடியாவிட்டால், எதில் வரைந்தது, என்ன அளவு என்று ஒரு வரியாவது சரியாகப் போடுங்கள். அப்புறம், கண்காட்சி இன்னும் பத்து நாள் இருக்கிறது. எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று விமர்சகருக்கு நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர்,
தெலுக் பிளாங்கா